ராகுவை அடைத்த சோப்பு டப்பா

அந்த மாதம் கேரளத்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கு போகவில்லை, மிளகு போகவில்லை, ஏலக்காய் போகவில்லை. போன் கவர் போனது. சும்மா போகவில்லை, பறந்தது.

"ச்சே, போன் கவரா?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பெயர் ராகு கவசம். இமயமலைக் குகையில் முந்நூறு வருஷம் தவமிருந்த கருநாகம் ஒன்று சட்டை உரித்ததாம். அந்தச் சட்டை பனியில் உறைந்து கல்லானதாம். அந்தக் கல்லைச் சித்தர்கள் நகத்தாலேயே குடைந்து இந்தக் கவசத்தைச் செய்தார்களாம். நகத்தால்! அதுவும் இன்றைக்குக் கடையில் விற்கிற போனுக்கு இம்மி பிசகாமல் பொருந்துகிற அளவில். முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பாம்புக்குப் போன் மாடல் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் போன வருஷ மாடலே தெரியவில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவனே நான்தான். பெயர் வெங்கிடாசலம். போட் ஜெட்டிப் பக்கம் ஜெராக்ஸ் கடை. மூன்று தலைமுறையாக இந்த ஊரில் வீட்டுக்குள் தமிழில் பேசி, வெளியே மலையாளத்தில் சண்டை போடுகிற குடும்பம். நோட்டீஸை டைப் அடிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். ஐயாயிரம் பிரதி வேண்டும் என்றார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

கவசத்தைக் கொண்டுவந்தவர் கவசச் சித்தர் ஸ்ரீலஸ்ரீ ரமேஷ்பாபு சுவாமிகள். ஏன், சித்தருக்கு ரமேஷ்பாபு என்று பெயர் இருக்கக்கூடாதா? எர்ணாகுளத்தில் ஒரு சந்துக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்த அதே ரமேஷ்பாபுதான். தாடி வளர்ந்தது, தொழில் வளர்ந்தது, கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. கவசத்துக்கு அருள் ஏற்றும்போது ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அழுத்தித் தேய்ப்பார். கண்ணாடி ஒட்டும்போது காற்றுக் குமிழியை வெளியேற்றுவார்களே, அச்சாக அதே தேய்ப்பு. "தோஷக் குமிழி வெளிய போகுது, விலகி நில்லுங்க" என்பார். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

கவசம் பார்க்க எப்படி இருக்கும்? இரண்டு பாதி. நடுவில் குடைந்திருக்கும். போனை உள்ளே வைத்து மூடினால் சோப்பு டப்பா. கறுப்பாக, பளபளவென்று, மேலே பின்னல் பின்னலாக ஒரு கோலம். அது பாம்புச் செதில். மூலையில் ஒரு சின்னச் சிலும்பல். அது நாகத்தின் பல் பட்ட தடம். பல் பட்டதற்கு விலை இரட்டிப்பு. கடித்ததற்கே இரட்டிப்பு என்றால் விழுங்கியிருந்தால் என்ன விலை சொல்லியிருப்பாரோ!

பயன்படுத்தும் முறை எளிது. ராகு காலத்தில் போனை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். கெட்ட செய்தி எதுவும் வராது. நல்ல செய்தி மட்டும் கவசத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

முதல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். காலியாகக் கிடந்த பழைய இஞ்சிக் கோடவுன்தான் ஆசிரமம். வில்லிங்டன் தீவுப் பக்கமிருந்து நம் ஆட்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். திருப்பூணித்துறையிலிருந்து மெட்ரோ பிடித்து வந்திருந்தார்கள். சுவாமி ஒரு போனைக் கவசத்துக்குள் வைத்து மூடினார். அவருடைய மைக்செட் சீடர் இசக்கிதுரை, ஐம்பது வயது ஆட்டோக்காரர், தன் போனிலிருந்து அந்த நம்பரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். டப்பா கம்மென்று இருந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது.

"நிங்ஙள் விளிக்குந்ந ஆள் இப்போள் பரிதிக்குப் புறத்தாணு."

நீங்கள் அழைப்பவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பொருள். சிக்னல் இல்லையென்றால் போன் கம்பெனி போடுகிற பதிவுக் குரல். கேரளத்தில் போன் வைத்திருக்கிற அத்தனை பேரும் தினம் பத்துதரம் கேட்பது. ஆனால் சுவாமி கண்ணை மூடி, கையை உயர்த்தி, "கேட்டோ? அம்மையே சொல்றா! ராகுவோட எல்லைக்கு நீங்க வெளிய போயாச்சு!" என்றாரே பார்க்கலாம். கோடவுன் முழுக்கக் கைகூப்பியது. ஒரு அம்மாள் ஸ்பீக்கருக்குக் கற்பூரம் காட்டினாள். ஸ்பீக்கர் ஒரு ஓரத்தில் லேசாக உருகியது.

கவசம் வேலை செய்ததா? செய்தது ஐயா, அதுதான் கொடுமை! ஒரு மிளகு முதலாளி ராகு காலத்தில் போனை மூடி வைத்திருந்தார். கோடவுனுக்குள் மழைத் தண்ணீர் வருகிறது என்று வாட்ச்மேன் அழைத்து அழைத்துப் பார்த்தான். கெட்ட செய்தி அல்லவா, கவசம் தடுத்துவிட்டது. ஆறு மூட்டை ஊறிப்போயிற்று. "ராகு காலத்துல ஒரு கெட்ட வார்த்தை என் காதுல விழலியே!" என்று முதலாளி பூரித்துப்போய் இன்னும் இரண்டு வாங்கினார். நானும் ஒன்று வாங்கினேன். சிரிக்காதீர்கள். எங்கள் கட்டடச் சங்கச் செயலாளர் ஒருநாளைக்கு நாலுதரம் அழைக்கிறவர்.

என் கடைக்கு எதிரே முப்பிடாதி அக்காவின் சாயாக் கடை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. "ரெண்டு சாயா, ஒரு கடி எடுக்கட்டே?" என்று டீக்கும் பலகாரத்துக்கும் மலையாளத்தில் கேட்டு, "ஏல, கிளாஸைக் கழுவி வைங்கல" என்று தமிழில் ஏசுகிறவர். அவர் மகள் மகாவுக்கு இருபத்தாறு வயது. நாலு கடை தள்ளி ஒரு ஷெட்டில் வேலை. படகுக்கும் டிரோனுக்கும் வேண்டிய பாகங்களைக் கார்பன் நார்த் தகட்டிலிருந்து கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டித் தருகிற ஷெட். அங்கே ஒரு சட்டம் உண்டு. கார்பன் தூள் மின்சாரம் கடத்தும், போனுக்குள் புகுந்தால் போனின் கதை முடிந்தது. ஆகவே ஷெட்டுக்குள் போன் கூடாது. மகாவின் போன் காலையிலிருந்து சாயங்காலம்வரை அம்மாவின் சாயாக் கடையில்தான் இருக்கும். மணி அடித்தால் முப்பிடாதி அக்கா ரோட்டில் நின்று ஒரு கத்து கத்துவார். ஷெட்டுக்கு மட்டுமல்ல, அக்கரைக்கே கேட்கும்.

மகா காக்கநாட்டில் ஒரு பெரிய கம்பெனிக்கு மனுப் போட்டிருந்தாள். மெஷினுக்கு புரோகிராம் எழுதுகிற வேலை. ஏழு மாசமாக ராத்திரி உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். கடைசியாகப் போனில் ஒரு நேர்முகம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை கம்பெனி அழைத்தது. பதினொரு மணிக்கு.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். மகளுக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்ற அக்கறையில் முப்பிடாதி அக்கா முந்தின நாள்தான் கவசம் வாங்கியிருந்தார், பல் தடம் போட்டதாகப் பார்த்து. மகளின் போனை அதற்குள் வைத்து மூடிவிட்டு நிம்மதியாக வடை சுட்டார். கம்பெனி மூன்றுதரம் அழைத்தது. மூன்றுதரமும் அந்தப் பதிவுக் குரல் அம்மை பேசினாள்.

சாயங்காலம் மகா மெயிலைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு இன்னும் ஒரேயொரு தரம் அழைப்போம், கிடைக்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள் என்று எழுதியிருந்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் நான் கடையை விட்டு ஓடிவந்தேன்.

"எம்மா! என்னத்துக்குள்ளம்மா போனை வச்சே?"

"கவசத்துல வச்சேன். நல்லதுதானட்டி செஞ்சேன்?"

மகா அந்த டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மூலையைத் தடவினாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எம்மா, இது நான் வெட்டுனது" என்றாள்.

"அட போட்டி! இமயமலையில நீ எப்பம் போயி வெட்டினே?"

அவ்வளவுதான். அதற்குமேல் அக்கா காதில் எதுவும் ஏறவில்லை. நான் மட்டும் ஏற்றிக்கொண்டேனா? "சாமி விஷயத்துல வெளையாடாதே மோளே" என்று பெரிய மனுஷன் மாதிரி ஒரு புத்தியும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கும் ஒரு கவசம் வாங்கியிருந்தேனே, அது வேஸ்ட் என்று ஒத்துக்கொள்ள மனம் வருமா?

செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை ராகு காலம். அன்றைக்கு மூன்று மணிக்கு ஆசிரமத்தில் சிறப்பு அருளேற்றம் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். அதையும் நான்தான் அடித்தேன். மகா மூன்று மணிக்கு அனுமதி கேட்டு, கையெல்லாம் கரியோடு சாயாக் கடைக்கு ஓடி வந்தாள். மூடாதே என்று பத்துதரம் சொல்லித்தான் காலையில் போனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், ஆனால் கடை பூட்டியிருந்தது. அம்மா, போன், கவசம் மூன்றும் ஆசிரமத்துக்குப் போய்விட்டன.

அவள் கோடவுனுக்குள் நுழைந்தபோது மணி மூன்று பத்து. உள்ளே இருநூறு பேர், அதில் நானும் ஒருவன். முப்பிடாதி அக்கா முன்வரிசையில் டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எம்மா, போனைக் குடு."

"ஏட்டி, இது என்ன கோலம்? கரி மூஞ்சியோட சாமி முன்னாடி வந்து நிக்கே? நாலரைக்குத் தாரேன்."

"மூணரைக்குக் கூப்பிடுவாங்கம்மா!"

சுவாமி மேடையிலிருந்து சிரித்தார். "பயப்படண்டா மோளே. நல்ல விளி, நல்ல போன் ஆணெங்கில் கவசத்தைத் துளைச்சிட்டு வரும்."

மகா தோள்பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தாள். கறுப்பு, பின்னல், மூலையில் பல் தடம். "சாமி, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. இது அசலான்னு பாத்துச் சொல்லுங்க."

சுவாமி வாங்கினார். முகர்ந்தார். கண்ணில் ஒற்றினார். "அசல். நாப்பத்தெட்டு நாள் பூஜையில இருந்தது. கை வச்சதும் சுடுது பாருங்க." கார்டை எடுத்து இந்த ஓரம் அந்த ஓரம் தேய்த்தார். முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

"அப்போ என் போனை இதுல வைங்க."

சுவாமியே அருள் ஏற்றியது என்பதால் அக்கா மறுக்கவில்லை. போன் புது டப்பாவுக்குள் போயிற்று. மூடியாயிற்று. மகா இசக்கிதுரையைப் பார்த்து, "அண்ணாச்சி, இப்போ கூப்பிடுங்க" என்றாள். அவர் வழக்கம்போல மைக்கைப் பிடித்துக்கொண்டு அழைத்தார்.

டப்பா கணீரென்று அடித்தது!

சுவாமியின் தாடி ஒருதரம் மேலே போய்க் கீழே வந்தது. ஆனாலும் ஆள் கில்லாடி. "இசக்கிதுரைக்கு மனசு சுத்தம். அதான் விளி உள்ள போயிடுச்சு" என்றார். கூட்டம் "ஆஹா!" என்றது. போன வாரம் என் கடையிலிருந்து ஸ்டேப்ளரைச் சுட்டுக்கொண்டு போன மனசு அது.

"சரி, இங்க யார் கூப்பிட்டா எல்லாருக்கும் பயம்?" என்று மகா கேட்டாள். இருநூறு விரலும் ஒரே ஆளைக் காட்டின. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆனந்தகுமார். அவர் அழைத்தார். டப்பா மறுபடியும் அடித்தது. "கேட்டீங்களா, என்னோடதும் நல்ல போன் காலுதான்!" என்று ஆனந்தகுமார் ஆனந்தத்தில் பக்கத்திலிருந்தவரிடம் அங்கேயே ஒரு பாலிசி விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"இது என் கவசம் இல்ல!" என்று சுவாமி கத்தினார். "போலி! சதி!"

"இப்போதான அசல்னீங்க? போலிக்குள்ள இருந்து தோஷக் குமிழி எப்படி வந்துச்சு?"

யாரோ ஒருவர் பொத்திய மூக்கிலிருந்து கையை எடுத்தார். சுவாமி சட்டென்று மகாவின் போனை எடுத்துத் தன் கவசத்துக்குள் போட்டு மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அம்மே, உங்க மகளுக்குக் கிரகம் பிடிச்சிருக்கு. நாலரை வரைக்கும் இத நான் தொறக்கமாட்டேன்!"

மணி மூன்று இருபத்தைந்து. மகா மேடையேறப் போனாள். இசக்கிதுரை குறுக்கே நின்றார். அவள் அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஏழு மாசப் படிப்பு ஒரு தாடிக்காரனின் கக்கத்தில் இருக்கிறது, யாருக்குத்தான் அழுகை வராது? அவள் அழவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்த டப்பாவைக் காலையில இருந்து தொறக்காதவங்க யாராச்சும் உண்டா?"

பப்படக் கடை பிச்சுமணி கையைத் தூக்கினார். திருப்பூணித்துறைக்காரர். மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார மனுஷனுக்குத் தைரியம் இல்லை. முழுநாளும் மூடி வைத்தால் கெட்ட செய்தி வராது என்று சுவாமி சொன்னதால் விடியற்காலையே போனை அடைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நல்ல செய்தி துளைச்சிட்டு வரும்னு சொன்னாருல்ல? வந்துச்சா?"

"வரலையேம்மா. காலம்பறலேர்ந்து காத்துண்டிருக்கேன்."

"தொறந்து பாருங்க."

பிச்சுமணி திறந்தார். இரண்டு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் டிங், டிங், டிங் என்று நிற்காமல் அடித்தது. தவறிய அழைப்பு பத்தொன்பது. அவர் படிக்கக்கூட இல்லை, திருப்பி அழைத்தார். மறுமுனையில் அவர் மனைவியின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. "காலம்பற ஏழு மணிக்கே பொறந்தாச்சு! பொண்ணு! ரெண்டுபேரும் சௌக்கியம். எட்டு மணி நேரமா எங்கே போய்த் தொலைஞ்சேள்?"

பிச்சுமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பேத்தி பொறந்து எட்டு மணி நேரம் ஆச்சு. நான் டப்பாவைக் கட்டிண்டு உக்காந்திருக்கேன், மடையன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பேத்தி பிறந்ததைவிட நல்ல செய்தி உலகத்தில் உண்டா? அதையே உள்ளே விடாத கவசம் வேறு எதை விடும்?

அப்போதுதான் முப்பிடாதி அக்கா எழுந்தார். சேலையைச் செருகினார். மேடையேறினார். இசக்கிதுரை தானாக விலகிக்கொண்டார். சாயாக் கடையில் அவருக்குப் பாக்கி இருக்கிறது.

"குடும்வே டப்பாவை."

"அம்மே, ராகு..."

"ராகுவை நான் பாத்துக்கிடுதேன், குடும்!"

சுவாமி கக்கத்தை இறுக்கினார். அக்கா இருபது லிட்டர் பால் கேனை ஒற்றைக் கையால் தூக்குகிறவர். ஒரே இழுப்பு. டப்பா இரண்டு பாதியாகப் பிளந்தது. போனை மகள் கையில் வைத்தார். சிக்னல் கம்பி ஒன்று வந்தது, இரண்டு வந்தது. மூன்று முப்பத்திரண்டுக்கு மணி அடித்தது.

"ஷ்!" என்று அக்கா கூட்டத்தைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார். இருநூறு பேரும் வாயை மூடினார்கள். சுவாமி தியானம் சொல்லிக்கொடுத்தபோதுகூட அந்தக் கோடவுனில் அப்படி ஒரு நிசப்தம் இருந்ததில்லை. எட்டு நிமிஷம். மகா பாதி ஆங்கிலத்திலும் பாதி மலையாளத்திலும் பதில் சொன்னாள். தகடு சிலும்பினால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. "வெட்டுற பிட் மழுங்கியிருக்கும் சார். மாத்துவேன். மாத்தாம விட்டா பெரிய வினை, அனுபவத்துல சொல்றேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டு மேடையிலேயே விளக்கினாள். சாமியின் டப்பா கார்பன் நார்த் தகடு, எர்ணாகுளம் பார்ட்டி ஒருவர் அலங்காரப் பெட்டி என்று சொல்லி அவர்கள் ஷெட்டில் குடையக் கொடுத்தது. கார்பன் மின்சாரம் கடத்தும், அதனால் லிஃப்டுக்குள் கதவு மூடினால் போன் செத்துப்போவதுபோல உள்ளே சிக்னல் செத்துவிடும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. அவள் கொண்டுவந்தது கறுப்புச் சாயம் போட்ட கண்ணாடி நார்த் தகடு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் துண்டில் வெட்டியது. அதில் சிக்னல் தாராளமாகப் போகும்.

"அப்போ நாகப் பல்லு?" என்று மிளகு முதலாளி பரிதாபமாகக் கேட்டார்.

"என் மெஷின் பிட்டோட பல்லு சேட்டா. அன்னிக்கு மழுங்கிப்போச்சு, மூலை சிலும்பிடுச்சு. கழிச்சிடலாம்னு சொன்னேன். பரவால்ல, அப்படியே குடுன்னு பார்ட்டி வாங்கிட்டுப் போனாரு." பிறகு சுவாமியைப் பார்த்தாள். "சாமி, உங்க போனை எதுல வச்சிருக்கீங்க?"

சுவாமி இடுப்பைப் பொத்தினார். அக்கா அந்தக் கையை எடுத்துவிட்டார். காவி வேட்டி மடிப்பிலிருந்து வெளியே வந்தது, ரோஸ் நிறத்தில், முயல் காது வைத்த ரப்பர் கவர். சிக்னல் நாலு கம்பியும் முழுசாக இருந்தது. கோடவுனின் ஓடு பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரமேஷ்பாபு பின்கதவு வழியாக ஜெட்டிக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த போட்டில் தாவிவிட்டார். ஒட்டுத்தாடி பாதிதான் போட்டில் ஏறியது. பிடிக்க ஓடிய இசக்கிதுரை மீதியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்.

"வேலை என்னட்டி ஆச்சு?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"வியாழக்கிழமை வந்து மெஷின்ல செஞ்சு காட்டச் சொல்லியிருக்காங்க. ரெண்டு மணிக்கு." மகா தயங்கினாள். "ராகு காலம்தாம்மா அது."

அக்கா கையிலிருந்த இரண்டு பாதி டப்பாவையும் பார்த்தார். "ஒண்ணரைக்கே போயிரு. லேட்டா போனாத்தான் வேலை போவும்" என்றார். மகளின் கன்னத்துக் கரியை முந்தானையால் துடைத்தார். இரண்டுபேருக்குமே கண் கலங்கிவிட்டது.

இதோடு கதை முடிந்தது, ஊர் திருந்தியது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் மகா கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தபோது அவள் எதிரே ஒரு வரிசை நின்றது. முதலில் மிளகு முதலாளி. "மோளே, நல்ல செய்தி வர்ற அந்தக் கண்ணாடிப் பெட்டி எனக்கு ரெண்டு எடுத்து வை. அருள் நீயே ஏத்திக் குடு." அவருக்குப் பின்னால் இருபது பேர். மூன்றாவதாக நான் நின்றேன்.

மகா தலையில் கை வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நீங்களுமா சேட்டா? எதுக்கு நிக்கிறீங்க?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. முன்னால் இருந்தவர் நின்றார், நானும் நின்றேன். அவரைக் கேட்டால் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்களே என்றார். நீங்கள் நிற்கிற வரிசை எதுவோ எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், ஒருதரம் விலகி நின்று அந்தப் பெண் கேட்ட கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் வீட்டுக்குப் போய்விடுங்கள், அங்கே யாராவது உங்களுக்கு நெடுநேரமாகப் போன் செய்துகொண்டிருப்பார்கள்.